நடுவில் உட்காருகிறவர்

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். வாசகர் வட்டம், ஊர்க் கமிட்டி, குளத்துப் பாசன சங்கம், கிராம சபை என்று ஏதாவது ஒரு கூட்டத்தை நாளைக்கு நடத்தப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற இடத்தில் நடுவில் உட்காருகிறவருக்கு என்ன வேண்டும் என்று பேசச் சொன்னார்கள்.

மானூரிலிருந்து தொடங்குகிறேன். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் இருக்கிற மானூர்தான். அங்கே கோவிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வயது சுமார் 1200 ஆண்டு. பள்ளிப் பாடத்தில் வருகிற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முந்தையது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அதில் ஒரு விதி வருகிறது. எந்தக் காரியம் சபைக்கு வந்தாலும் வேண்டாம் வேண்டாம் என்றே மறித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி மறிப்பவரும் அவருக்குத் துணை நிற்பவர்களும், மறித்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

இதை எழுதியவர்கள் கூட்டம் நடத்திப் பழகியவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் மறுப்பைத் தடை செய்யவில்லை. எல்லாவற்றையும் மறுப்பதைத்தான் தடை செய்தார்கள். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் நடுவில் உட்காரவே கூடாது. "ரோடு வேண்டாம், முதலில் குடிதண்ணீர்க் குழாயைச் சரி பண்ணுங்கள்" என்று எழுந்து சொல்கிறவரை, கூட்டத்தைக் கெடுக்க வந்தவர் என்று உட்கார வைத்துவிடுகிறோம். அவர் கெடுக்க வரவில்லை. அவருக்கு ஒரு விஷயம் வேண்டும், அதைக் கேட்கிறார். எது வந்தாலும் மறிக்கிறவருக்கோ எந்த விஷயமும் வேண்டியதில்லை. துணை நிற்பவருக்கும் தண்டம் என்றார்கள் பாருங்கள், அதுவும் அனுபவத்திலிருந்து வந்ததுதான். ஒற்றை ஆள் மறித்தால் சபை தாங்கும். பின்னால் நாலு பேர் சேர்ந்துகொண்டு சத்தம் போட்டால்தான் கூட்டம் கலையும். இன்னொன்று, மறித்தவரைச் சபையை விட்டுத் துரத்தச் சொல்லவில்லை. காரியத்துக்கு இவ்வளவு என்று தண்டம் கட்டிவிட்டு, அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டு அவர் தொடரலாம்.

ஆனால் அந்தச் சபை பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின், நிலப் பங்குதாரர்களுடைய சபை. வயலில் இறங்கி உழுதவருக்கு அங்கே இடம் கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. ஒழுங்காகப் பேசத் தெரிந்த சபையாக இருந்திருக்கலாம். பேச வேண்டியவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள்.

இன்றைக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறோம். கூடி என்ன நடக்கிறது? முன்வரிசை நாற்காலிகளில் தலைவருக்கு வேண்டியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஓரமாக நிற்பார்கள். தீர்மானம் வாசித்து முடிப்பதற்குள் கையெழுத்து நோட்டு பாதி ஊரைச் சுற்றி வந்துவிடும். எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். பல ஊர்களில் இப்படித்தான்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் மேல்மடைக்காரர் கவலைப்படுவதில்லை; கடைமடைக்காரர்தான் ராத்திரி தூங்காமல் கிடப்பார். கூட்டத்தில் பேச்சும் அப்படித்தான் பாய்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் இருப்பவர், குரல் பெரிதாக உள்ளவர், நிலம் உள்ளவர் என்று மேல்மடையிலேயே நேரம் எல்லாம் தீர்ந்துவிடும். நல்ல நடுவருடைய முதல் வேலை கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோவது. "வேறு யாராவது பேசணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். "தெற்குத் தெருக்காரர்கள் சொல்லுங்கள். யம்மா, உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?" என்று ஆள் பார்த்துக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அந்தக் கொஞ்ச நேர அமைதியைத் தாங்கத் தெரியாமல் அடுத்த தீர்மானத்துக்குத் தாவிவிடுகிற தலைவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை, நம் டி.கே.சி.யைச் சொல்லாமல் இந்தப் பேச்சை இந்த மண்ணில் முடிக்க முடியாது. வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்துக்கு வக்கீலும் வந்தார், அரசு அதிகாரியும் வந்தார். பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகராஜனும் அங்கே உருவானவர்கள். ஒரு பாட்டை அவசரப்படாமல் வாசித்து வாசித்து, கூட இருக்கிறவரையும் ரசிக்க வைக்கிற அந்த நிதானத்தை அவரிடம்தான் கற்க வேண்டும். அதே டி.கே.சி. கம்பனைப் பதிப்பித்தபோது, இது கம்பன் வாக்கு இல்லை என்று தனக்குப் பட்ட பாடல்களை நீக்கினார், சொற்களைத் திருத்தினார். அதற்காகப் பண்டிதர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரசிகருக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். நடுவருக்கு அந்த உரிமை கிடையாது. தனக்குப் பிடிக்காத கருத்தைத் தன் ருசியை வைத்து அவர் வெட்ட முடியாது. விதி முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டினால் எந்த விதிப்படி என்று சபையிலேயே சொல்ல வேண்டும். தன் மச்சான் அதே பேச்சைப் பேசினாலும் அதே விதிதான்.

பட்டிமன்ற நடுவரை மனத்தில் வைத்துக்கொண்டும் வராதீர்கள். அவர் கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நடுநடுவே சிரிக்க வைக்க வேண்டும். உங்களுக்கு அந்த இரண்டு வேலையும் இல்லை.

அப்புறம் சத்தம். நம் பக்கத்துப் பேச்சு இயல்பாகவே உரக்க வரும். "என்னவே, நீரு சொல்லுதது நியாயமா?" என்று ஒருவர் கேட்டால் அது சண்டை இல்லை. விடுங்கள், பேசட்டும். ஆனால் சாதியைத் தொட்டு ஒரு சொல் விழுந்தால், அதே நிமிஷம், எல்லோர் முன்னாலும் நிறுத்த வேண்டும். கூட்டம் முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். சக மாணவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்ன பையனை வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. புகார் சொன்னவர் தனியாக நிற்கும்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். உங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இன்னார் என்னை இழிவாகப் பேசினார் என்று சொன்னால், அவரிடம் "விட்டுத் தள்ளுப்பா, பெரிசு பண்ணாதே" என்று சொல்லாதீர்கள். முழுதாகக் கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள். அவர் யாரோடு வீட்டுக்குப் போகிறார் என்றும் பாருங்கள்.

நோட்டு என்றேனே, அது கூட்டத்தின் பாதி வேலை. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதுவது சுலபம். மூன்று பேர் எதிர்த்திருந்தால் அந்த மூன்று பேரும் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். எழுதியதைக் கலைவதற்கு முன் உரக்க வாசியுங்கள். எதிர்த்தவர், நான் சொன்னது இதுதான் என்று தலையாட்டின பிறகு கையெழுத்துக்கு விடுங்கள். அடுத்த கூட்டம் கூடியதும் புதுத் தீர்மானத்தை எடுக்காதீர்கள். போன கூட்டத்தில் யார் என்ன கேட்டார், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு போங்கள்.