காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்: எக்ஸ்-கதிர் வானமும் நம் சனிக்கிழமையும்

(சிங்கப்பூரில் சமூக மன்றத் தமிழ் விழா ஒன்றில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, வட்டார அடித்தள ஆலோசகர் அவர்களே, மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்களே, மழையையும் பாராமல் எம்ஆர்டி ரயில் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளே, வணக்கம். மண்டபம் பிடித்துத் தந்த செயலாளருக்கும், மைக்கைச் சரிசெய்த தம்பிக்கும் தனி வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். எக்ஸ்-கதிரைப் பார்க்க ஏன் விண்வெளிக்குப் போகவேண்டும்? திடீரென்று விழித்து ஜெட், அதாவது அசுர வேகத் தாரை, பீய்ச்சும் விண்பொருள்களை எப்படிப் பிடிக்கிறார்கள்? அந்த ஜெட் எப்படிக் கிளம்புகிறது?

முதலாவதைச் சுருக்கிவிடுகிறேன். வானிலிருந்து வரும் எக்ஸ்-கதிரைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகிறது. நம் உடம்புக்கு நல்லது, வானியலாளருக்குத் தொல்லை. அதனால்தான் 1999இல் சந்திரா தொலைநோக்கி மேலே போனது. யார் பெயர் அது? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்! (கைத்தட்டல்)

சரி, இரண்டாவது. 2011 மார்ச் 28. ஸ்விஃப்ட் என்ற செயற்கைக்கோள், டிராக்கோ விண்மீன்கூட்டத்துப் பக்கம் ஒரு வெடிப்பைக் கண்டது. வெடிப்பு என்றால் தானாகவே தலையைத் திருப்பிப் பார்க்கும் செயற்கைக்கோள் அது. தரையிலிருந்து யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. காமாக் கதிர் வெடிப்பு என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அந்த வகை ஒருமுறை வெடித்தால் கதை முடிந்தது. இதுவோ மறுபடி வெடித்தது. அப்புறமும் வெடித்தது! செத்தவர் எழுந்து உட்கார்ந்தால் வீட்டில் என்ன பாடு படும்? (சிரிப்பு) உலகத்துத் தொலைநோக்கிகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. ஏறத்தாழ 390 கோடி ஒளியாண்டு தொலைவு. ஒரு விண்மீன்மண்டலத்தின் நட்டநடுவே ஒரு கருந்துளை, ஒளியைக்கூடத் தப்பவிடாமல் இழுத்துக்கொள்ளும் பொருள். கிட்டே போன விண்மீன் ஒன்றைக் கிழித்துப்போட்டு, அதில் ஒரு பகுதியை ஒளிவேகத்தை நெருங்கி நம் திசையிலேயே ஜெட்டாகப் பீய்ச்சியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு எக்ஸ்-கதிர் கொட்டிவிட்டு, 2012 ஆகஸ்டு வாக்கில் சட்டென்று அடங்கிவிட்டது. அதற்குள் பார்த்தவர்கள் பார்த்ததுதான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்!

இப்போது 2024 ஜனவரியில் சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் செயற்கைக்கோள், சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்துச் செய்த கண்ணாடியால் வானத்தைப் பரந்து துழாவுகிறது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் எக்ஸ்-கதிரைப் பார்க்கக் கட்டியதுதான். 2015 செப்டம்பரில் அதைத் தூக்கிப்போன பிஎஸ்எல்வி ராக்கெட் ரகம்தான், அதே டிசம்பரில் நம் சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்களையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டுபோனது. இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னோம்? தமிழ் வகுப்பில் பொங்கல், தீபாவளி, கட்டுரை; அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில். கருந்துளை என்று சொன்னால் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கிறது. அப்பா கைப்பேசியைப் பார்க்கிறார்.

தாய்மொழி வீட்டில் புழங்குகிற வயது ஏழெட்டு வருடம்தான், ஐயா. தொடக்கநிலை ஆறு முடிந்ததும் சிசிஏ என்ற இணைப்பாட நடவடிக்கை, டியூஷன் என்று ஓடிவிடுவார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆலோசகர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: சனிக்கிழமை காலை, இந்த மன்றத்தில் ஓர் அறை, ஒரு மணி நேரம், தமிழில் அறிவியல். குளிர்சாதனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது செய்தி... செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். ஜெட் எப்படிக் கிளம்புகிறது என்பதை அந்த அறை கிடைத்ததும் முதல் சனிக்கிழமை சொல்கிறேன். விண்ணப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வடைக்குப் போங்கள்; வடை தீர்ந்துவிடாது, நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். (சிரிப்பு) நன்றி, வணக்கம்.