கோஷம் போட்ட கையோடு ஒரு மனு: நெல்லையில் டிசம்பர் 10

(காட்சி: கொக்கிரகுளம். கலெக்டர் ஆபீஸ் பக்கம், காலை நேரம். பின்னால் தாமிரபரணி.)

வணக்கம். இன்று டிசம்பர் 10, மனித உரிமைகள் நாள். 1948-ல் இதே தேதியில்தான் ஐ.நா. சபை பாரீசில் கூடி உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. மொத்தம் 30 பிரிவுகள். எல்லா மனிதரும் உரிமையிலும் கண்ணியத்திலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்று அதன் முதல் பிரிவு சொல்கிறது.

அரசு அலுவலகங்களில் இன்றைக்கு உறுதிமொழி எடுப்பார்கள். வெளியே நம்ம ஆட்கள் சார்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கார்த்திகை மழை தூறினால் ஸ்கெட்ச் பேனா மை வழிந்து, "நீதி வேண்டும்" என்பதில் "நீதி" மட்டும் நீலமாக ஊறிப் போயிருக்கும். அதையும் இறக்காமல் பிடித்திருக்கிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றுகிறவர்கள், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், ஒரு சில வக்கீல்கள்.

யாருக்காக நிற்கிறார்கள்?

(காட்சி: ஆற்றுப் படித்துறை, மிதக்கும் பூக்கள்.)

இந்த ஆற்றைப் பாருங்கள். 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கச் சொல்லியும், கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் கரையேறவில்லை. 17 பேர். அதில் இரண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்து அறிக்கையும் கொடுத்தது. ஆனாலும் வருஷம் தவறாமல் ஜூலை 23 அன்று இங்கே வந்து தண்ணீரில் பூப் போடுகிறார்கள். மனசு ஆறவில்லை என்பதுதான் காரணம், வேறென்ன?

அப்புறம் காவல் நிலையங்கள். 2020 ஜூனில் பக்கத்து மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் பறிகொடுத்தோம். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் பக்கம், விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்று புகார் எழுந்தது. சிபிசிஐடி விசாரித்து, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஒரு இளைஞரை வெட்டிச் சாய்த்தார்கள். சாதி மாறிப் பழகியதுதான் காரணம் என்று வழக்கு. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் பலமானது. அந்த அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் அரசு ஒரு ஆணையத்தை அறிவித்தது. தெருவில் நின்று கத்தினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

(காட்சி: மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாள், பேனா.)

சரி, இனி முக்கியமான விஷயம். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993-ல் வந்தது. அதன்படி நமக்கு மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. அரசு ஊழியர் ஒருவர் உங்கள் உரிமையை மீறினாலும், மீறல் நடக்கும்போது தடுக்காமல் அசட்டையாக இருந்தாலும் அங்கே புகார் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவருக்காக வேறு ஒருவரும் எழுதலாம். ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நெல்லைக்கும் வந்து விசாரணை நடத்துகிறார்கள். ஆணையத்தின் பரிந்துரையை அரசு தட்டிக்கழிக்க முடியாது, அது கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒரு கெடு இருக்கிறது. சட்டத்தின் 36-வது பிரிவு. சம்பவம் நடந்த தேதியிலிருந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்காது. நம்ம பக்கத்தில் நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஊரில் சமாதானம் பேசி, பயந்து, "பொறுத்துப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொல்லி, பத்துப் பதினோரு மாசம் ஓடிவிடும்.

கேமராப் பதிவுக்கும் இதே கதைதான். எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவியில் அந்த வசதி இல்லையென்றால் குறைந்தது ஒரு வருஷம். அந்தப் பதிவைக் கேட்டு வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நாம் தாமதித்தால் கேட்டு வாங்குவதற்குப் பதிவே இருக்காது.

அடிபட்டிருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. யார் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லி எழுத வையுங்கள். "கீழே விழுந்துட்டான்" என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். ஏ.ஆர். காப்பி, அதாவது டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்கிப் புகாரோடு ஒரு ஜெராக்ஸ் வையுங்கள்.

(காட்சி: மஞ்சப்பை, அதற்குள் மடித்த காகிதங்கள்.)

சில வருஷத்துக்கு முன்னால் இதே டிசம்பர் 10-ல் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்திருந்தார். மகனை விசாரணைக்குக் கூட்டிப் போய் அடித்திருந்தார்கள். பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே கவர், மடித்து மடித்துக் கிழியப் போகிற ஒரு மனு ரசீது. எங்களோடு சேர்ந்து கோஷம் போட்டுவிட்டு, "இதை வச்சு ஏதும் செய்ய முடியுமாய்யா?" என்று கேட்டார். சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தோம். ஜனவரி 4.

விரலை மடக்கி எண்ணினால் இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, ஈர அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் தாளை வைத்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள். மத்தியானமே பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தாயிற்று. ரசீதை வாங்கி, தேதி வெளியே தெரிகிற மாதிரி மடித்து, அந்த அம்மா பைக்குள் வைத்துக்கொண்டார்.