திரையே இல்லாத பெட்டியில் லினக்ஸ்: சீரியல் கன்சோலில் பழுது பார்ப்பது

[காட்சி: கானாடுகாத்தான். செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பு, வளவு. தூணோரம் கையகல உலோகப் பெட்டி.]

குரல்: பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு இங்கே ஒரு தலைவலி உண்டு. சுவர்களின் கனத்துக்கு முகப்பில் வைத்த வைஃபை வளவைத் தாண்டுவதே கஷ்டம். கட்டுக்குக் கட்டு கேபிள் இழுத்து, நடுவே சின்ன லினக்ஸ் ரவுட்டர் ஒன்றை வைக்கலாம். இது பிசி எஞ்சின்ஸ் ஏபியு2. மானிட்டர் மாட்ட இதில் இடமே கிடையாது; லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே எழுத்தாகப் பேசுவதற்கு ஒன்பது ஊசி சீரியல் போர்ட்தான். இந்த வழிக்குத்தான் சீரியல் கன்சோல் என்று பெயர்.

டெபியன் என்ற லினக்ஸை நிறுவும் பென்டிரைவைச் செருகி மின்சாரம் கொடுத்தாயிற்று. லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. பெட்டி போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. நம் காதில் விழாத இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது.

முதலில் கேபிள். நல் மோடம் (null modem) கேபிள்தான் வேண்டும்; அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் உள்ளே மாற்றிப் போட்ட கேபிள் அது. நேர் கேபிள் போட்டால் மௌனம்தான். ராஸ்பெர்ரி பைக்கு வாங்கிய 3.3 வோல்ட் யூஎஸ்பி மாற்றியை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். இந்தச் சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்-232 சிக்னல் பிளஸ் மைனஸ் 15 வோல்ட் வரை போகலாம், மாற்றி எரிந்துவிடும்.

அடுத்து வேகம்: 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். கோணல்மாணலாக எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பி சரி, வேகம்தான் தப்பு. எழுத்து ஒழுங்காக வந்தும் நாம் தட்டுவது போகவில்லையா? லேப்டாப்பில் சீரியலோடு பேச உதவும் மினிகாம் புரோகிராமில், எதிர்ப்பக்கம் தயார் என்று தனிக் கம்பியில் சொல்லும்வரை காத்திருக்கும் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலைச் சந்தேகப்படுங்கள். கன்ட்ரோல்-ஏ, பிறகு ஓ, சீரியல் போர்ட் செட்டப், அங்கே எஃப் தட்டினால் அணைந்துவிடும்.

சரி, இனிதான் விஷயம். பெட்டியை எழுப்பும் பயாஸ், லினக்ஸை ஏற்றும் பூட்லோடர், லினக்ஸின் மையமான கெர்னல், கடைசியில் லாகின்: இந்த வீட்டின் கட்டுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. ஒன்றிடம் சீரியலில் பேசச் சொன்னால் மற்றதற்குத் தெரியாது. பேச்சு எங்கே நிற்கிறதோ, அதற்கு அடுத்ததைப் பாருங்கள்.

பயாஸ் செய்தி வந்து, அப்புறம் இருட்டா? நிறுவியின் மெனு கிராஃபிக்ஸில் வருகிறது, அதுதான். எஸ்கேப் தட்டி, பூட் என்று கேட்கும் இடத்தில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்.

[திரையில்: install console=ttyS0,115200n8]

கன்சோல் என்பதை இரண்டு முறைகூடக் கொடுக்கலாம், திரையைக் குறிக்கும் டிடிஒய்0-க்கு (tty0) ஒன்று, முதல் சீரியல் போர்ட்டைக் குறிக்கும் டிடிஒய்எஸ்0-க்கு (ttyS0) ஒன்று. கெர்னல் செய்தி இரண்டிலும் வரும். ஆனால் கடைசியாக எழுதியதுதான் முதன்மைக் கன்சோல்; கெர்னலுக்கு அடுத்து வரும் செய்திகள் அங்கேதான் போகும். வரிசை மாறினால் கெர்னல் மளமளவென்று பேசிவிட்டுச் சட்டென்று அடங்கிப்போகும். ஹேங் ஆகிவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கத் தோன்றுவது இங்கேதான். பிடுங்காதீர்கள், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

நிறுவி முடிந்த பிறகு க்ரப் என்ற பூட்லோடர் மட்டும் மௌனமாக இருந்தால், அதன் அமைப்புக் கோப்பில் டெர்மினல் வரிக்கு சீரியல் என்றும், சீரியல் கமாண்ட் வரிக்கு யூனிட் 0, ஸ்பீட் 115200 என்றும் கொடுத்து, அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். கெர்னல் வரியில் உள்ள, செய்திகளை அடக்கிவைக்கும் குவைட் (quiet) என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அந்தச் செய்திகளைப் படிக்கத்தானே இவ்வளவு பாடு. லாகினுக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். கெர்னல் வரியில் கன்சோல் சரியாக இருந்தால் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியே அங்கே லாகின் கேட்கும் கெட்டி (getty) புரோகிராமை எழுப்பிவிடும்.

[காட்சி: கேபிளைச் சுருட்டிப் பெட்டியோடு கட்டுகிறார்கள்.]

குரல்: கேபிளைப் பெட்டியோடே கட்டி வைத்துவிடுங்கள். அவசரத்துக்குக் காரைக்குடிக் கடைவீதியில் போய் நல் மோடம் என்று கேட்டால், பழைய மோடத்தை எடுத்துக் காட்டுவார்கள்.