பௌசர் நிற்கும் தரை

வணக்கம் நேயர்களே.

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்கும் மாரியோவைத் தெரிந்திருக்கும். சிவப்புத் தொப்பி, தடித்த மீசை, ஓயாத குதியாட்டம். இன்று பேசப்போவது அவனைப் பற்றி இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கடைசிக் கட்டத்தில் அவன் எதிரே வந்து நிற்கும் பௌசரைப் பற்றி. 1985இல் அறிமுகமான இந்த வில்லன் 2023இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' வரை திரும்பத் திரும்ப வருகிறான். அதே ஓடு, அதே கொம்பு, பெரும்பாலும் அதே இளவரசிக் கடத்தல். அப்படியிருந்தும் ஆடுகிறவர்களுக்கு ஏன் சலிப்பதில்லை?

விடை அவன் காலடியில் இருக்கிறது. பௌசர் எந்த ஆட்டத்தில் வந்தாலும், அவனைப் பார்ப்பதற்கு முன் அவன் நிற்கும் தரையைப் பாருங்கள். தோற்கடிக்கும் வழி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்குவோம். ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. மொத்தம் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 கட்டங்கள். ஒவ்வொரு நான்காவது கட்டமும் ஒரு கோட்டை. கோட்டையின் முடிவில் ஒரு பாலம், பாலத்துக்கு அடியில் தீக்குழம்பு, பாலத்தின் மேல் பௌசர். அவனுக்குப் பின்னால், மறுகரையில், ஒரு கோடாரி. அந்தக் கோடாரியைத் தொட்டுவிட்டால் போதும். பாலம் துண்டு துண்டாகக் கழன்றுபோகும், பௌசர் தீக்குழம்பில் விழுவான். அவன் மேல் ஒரு அடிகூட விழவேண்டாம்.

அவனைக் கடப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, அவன் துள்ளும்போது அடியில் புகுந்து ஓடுவது. ஓட்டத்துக்கு பி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பாலத்தின் விளிம்பில் காத்திருக்க வேண்டும். அவன் மேலெழும்பத் தொடங்கியதும் புறப்பட வேண்டும். உச்சியைத் தொட்ட பிறகு புறப்பட்டால் அவன் தலைமேல் இறங்கிவிடுவான். புதிதாக ஆடுகிறவர்கள் உயிர் விடுவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான். இரண்டாவது வழி தீப்பந்து. தீப்பூவைத் தின்று வந்திருந்தால் ஐந்து தீப்பந்துகளில் அவன் கதை முடியும், 5000 புள்ளிகளும் கிடைக்கும். ஒரு சமயத்தில் திரையில் இரண்டு தீப்பந்துகள்தான் இருக்க முடியும் என்பதால் பொத்தானை வெறிபிடித்து அழுத்திப் பயனில்லை. மூன்றாவது வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. காளான் தின்று பெரிய உருவில் இருக்கும் மாரியோ வேண்டுமென்றே அடிபட்டுச் சிறியவனாகலாம். அப்போது சற்று நேரம் மின்னிக்கொண்டே இருப்பான், அந்த நேரத்தில் எதுவும் அவனைத் தீண்டாது. பௌசரின் உடலுக்குள்ளேயே புகுந்து கோடாரிக்கு ஓடிவிடலாம்.

பெரும்பாலான கோட்டைகளில் கடிகாரம் 300 என்று காட்டும். அதை விநாடி என்று நினைத்து நிதானமாக இருந்துவிடக் கூடாது. திரையில் படம் ஒருமுறை மாறுவது ஒரு ஃபிரேம். ஒரு எண் குறைய 24 ஃபிரேம், விநாடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில் பார்த்தால் உங்களிடம் இருப்பது இரண்டே நிமிடம். 4-4, 7-4, 8-4, அதாவது நான்கு, ஏழு, எட்டாம் உலகங்களின் கோட்டைகளில் தப்பான பாதையில் போனால் வந்த இடத்துக்கே திரும்ப வந்துகொண்டிருப்பீர்கள். அங்கே பௌசரைவிடக் கடிகாரமே பெரிய எதிரி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் ஏழு கோட்டைகளிலும் இருப்பவன் உண்மையான பௌசரே இல்லை. கோடாரியால் விழுத்தினால் அது தெரியாது. தீப்பந்தால் கொன்றால்தான் வேடம் கலையும். முதல் உலகில் கூம்பா என்னும் காளான் உருவம், இரண்டாவதில் பச்சை ஆமை, ஆறாவதில் கணவாய் போன்ற புளூப்பர், ஏழாவதில் சுத்தியல் வீசும் ஆமை என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். எட்டாவது உலகில்தான் பௌசர் பௌசராகவே விழுவான். முதல் ஐந்து உலகங்களில் நெருப்பு மட்டும் துப்புவான், ஆறிலும் ஏழிலும் நெருப்பை விட்டுச் சுத்தியல்களை எறிவான், எட்டில் இரண்டையும் சேர்த்துச் செய்வான். ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு எட்டுப் படிகளாகக் கடினத்தை ஏற்றியிருக்கிறார்கள். முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்த காலம் அது.

அந்தக் கருவியின் எல்லையும் இங்கே கண்ணுக்குத் தெரியும். ஃபாமிகாமில் நகரும் உருவங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னஞ்சிறு சதுரங்களால் ஆனவை. திரையின் ஒரு கிடைவரியில் எட்டுச் சதுரங்களுக்கு மேல் காட்ட முடியாது. பௌசரின் அகலம் நான்கு சதுரம். நிரலைப் பொறுத்தவரை அவன் முன்பாதி, பின்பாதி என்று ஒட்டவைத்த இரண்டு உருவங்கள். மாரியோவுக்கு இரண்டு, பௌசர் துப்பும் நெருப்புக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்பது. மூன்றும் ஒரே வரியில் வந்தால் ஏதோ ஒன்று மினுங்கும், அல்லது ஒரு துண்டு மறையும். பழைய கருவியில் ஆடும்போது பாலத்தின் மேல் படம் துடிப்பதைக் கண்டால் டிவி கெட்டுவிட்டதென்று நினைக்கவேண்டாம்.

அவனுடைய பெயர், தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் அவன் பெயர் பௌசர் இல்லை, குப்பா. சூப்பில் சோறு போட்டுச் சாப்பிடும் குக்பாப் என்ற கொரிய உணவின் பெயரிலிருந்து வந்தது அது. ஆட்டத்தை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ முதல் அட்டைப்படத்தைத் தானே வரைந்தார். அதில் பௌசர் பாதி எருதுபோல இருப்பான். 1960இல் வந்த தோஏ நிறுவனத்தின் கார்ட்டூன் படம் ஒன்றில் வரும் எருது அரசன் அவருடைய மனத்தில் இருந்தான். உடன் பணியாற்றிய டகாஷி டெசுகாவுக்கு அவன் ஆமையாகத் தெரிந்தான். பிறகு தோஏயில் வேலைபார்த்து நின்டெண்டோவுக்கு வந்த ஓவியர் யோய்ச்சி கொட்டாபேயுடன் சேர்ந்து, இன்று நாம் பார்க்கும் ஆமை உருவம் அமைந்தது.

மீண்டும் தரைக்கு வருவோம். 1988இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தில் கோடாரி இல்லை. பௌசர் செங்கல் தரைமேல் நிற்கிறான். உயரத் துள்ளி, நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிவைத்து விழுகிறான். அந்தப் பாரத்தில் செங்கல் உடைகிறது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழவைத்தால் தரையே ஓட்டையாகி, அவன் உடைத்த குழியில் அவனே போய்விடுவான். பலரும் தவறுவது இதில்தான். பயந்துபோய் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார்கள். அவனும் பின்னாலேயே வந்து தரை முழுவதிலும் மேல் செங்கலை மட்டும் உடைத்துவைப்பான். கடைசியில் நிற்க இடமில்லாமல் போவது நமக்குத்தான். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவன் உச்சிக்குப் போகும்வரை அங்கேயே நில்லுங்கள், விழத் தொடங்கியதும் விலகுங்கள், மறுபடி அதே இடத்துக்கு அருகே வாருங்கள். அவ்வளவுதான். எதிரியின் கோபத்தையே ஆயுதமாக்கிய இந்தச் சண்டை, தொடரிலேயே மிக அழகாகச் சிந்திக்கப்பட்டது என்பது என் கருத்து.

1990இல் 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்'. இந்தத் தடவை பௌசர் தரையில் இறங்கவே மாட்டான். கோமாளி முகம் வரைந்த பறக்கும் கிண்ணத்தில் மேலே சுற்றிக்கொண்டிருப்பான். அங்கிருந்து சாவி கொடுத்த பொம்மைபோன்ற இயந்திர ஆமைகளை இரண்டிரண்டாகக் கீழே எறிவான். அவற்றின் மேல் குதித்தால் செயலற்றுக் கிடக்கும். ஒய் பொத்தானை அழுத்தியபடி எடுத்து, திசைப்பொத்தானில் மேல்பக்கத்தை அழுத்தி, ஒய்யை விடவேண்டும். பொம்மை நேர் மேலே போய் அவன் தலையில் படவேண்டும். அதிக நேரம் கையில் வைத்திருந்தால் பொம்மை விழித்துக்கொண்டு நம்மையே அடிக்கும். இரண்டு அடிக்கு ஒரு சுற்று, மூன்று சுற்று, ஆக ஆறு அடி. இரண்டாம் சுற்றில் பெரிய இரும்புக் குண்டுகள் உருண்டு வரும், மூன்றாவதில் கிண்ணத்தோடு நம்மேல் துள்ளி நசுக்கப் பார்ப்பான். சுற்றுகளுக்கு நடுவே இளவரசி பீச் கிண்ணத்திலிருந்து எட்டிப் பார்த்து ஒரு காளானைப் போடுவாள். பதற்றத்தில் அதைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த தாவல்தான் பெரியது. 1996இல் 'சூப்பர் மாரியோ 64' வந்தபோது ஆட்டம் முப்பரிமாணமானது, கன்ட்ரோலரின் நடுவில் எல்லாப் பக்கமும் சாயும் ஒரு குச்சி வந்தது. இதைப் பயன்படுத்தத் தெரிந்ததா என்று சோதிக்கும் வேலை பௌசருக்குக் கொடுக்கப்பட்டது. 8 நட்சத்திரம் சேர்த்தால் அவனோடு முதல் மோதல், கடைசி மோதலுக்கு 70. வட்டமான மேடை, மேடையின் விளிம்புக்கு வெளியே முள் பதித்த வெடிகுண்டுகள். அவன் பின்னால் போய் வாலைப் பிடித்து, குச்சியை வட்டமாகச் சுழற்றி, அவனைக் குண்டின் மேல் எறியவேண்டும். முதல் இரண்டு மோதல்களில் ஒரு எறிதல் போதும், கடைசியில் மூன்று.

சொல்லும்போது எளிது, செய்யும்போது பத்தில் எட்டு எறிதல் குறிதவறும். காரணம் வேகம். வேகமாகச் சுழலும்போது குண்டு கண்ணில் பட்டதும் பொத்தானை அழுத்தினால், விரல் வேலைசெய்வதற்குள் மாரியோ அதைத் தாண்டித் திரும்பிவிடுகிறான். பௌசரோ மாரியோ அந்தக் கணத்தில் பார்க்கும் திசையில் போவான். குண்டு நேரே வருவதற்குச் சற்று முன்பே விடவேண்டும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முதலில் அவனை உங்கள் பின்னால் வரவைத்து, ஏதாவது ஒரு குண்டுக்கு அருகே விளிம்புக்கு இழுத்து வாருங்கள். அங்கே வாலைப் பிடித்தால் தூரம் குறைவு. மெதுவாக ஒன்றிரண்டு சுற்று சுற்றினாலே போதும், குறியும் தப்பாது. வாலைப் பிடித்தபடி சும்மா நின்றால் சில விநாடிகளில் கைநழுவிப் போய்விடுவான். இரண்டாவது மோதலில் அவன் குதிக்கும்போது மேடையே ஒரு பக்கம் சாயும், விளிம்பில் நிற்காதீர்கள். கடைசி மோதலில் இரண்டு குண்டு பட்டதும் மேடையின் ஓரங்கள் உடைந்து விழுந்து நட்சத்திர வடிவம் மட்டும் மிஞ்சும். தரை மறுபடியும் வேலையைக் காட்டுகிறது பாருங்கள்.

2002இன் 'சன்ஷைன்' ஆட்டத்தில் பௌசர் வானத்தில் மிதக்கும் ஒரு பெரிய குளியல் தொட்டிக்குள் மகனோடு உட்கார்ந்திருப்பான். தொட்டியின் ஓரத்தில் ஐந்து இடங்களில் உயரத்திலிருந்து விழுந்து இடித்தால் தொட்டி கவிழும். யோசனை நல்லது, சண்டை சப்பென்று இருக்கும். பௌசர் நெருப்பு விடுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. 2007இல் 'கேலக்ஸி' அதைச் சரிசெய்தது. சின்னஞ்சிறு கோள் ஒன்றில் இருவரும் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தரையில் ஆங்காங்கே நீலக் கண்ணாடி மூடிகள், கண்ணாடிக்கு அடியில் தீக்குழம்பு. நீங்கள் கண்ணாடிமேல் நின்று, அவன் குதித்து இறங்கும் கணத்தில் விலகினால், கண்ணாடி உடைந்து அவன் வாலில் தீப்பிடிக்கும். துடித்து ஓடுபவனைச் சுழன்று அடிக்கவேண்டும். 1988இன் செங்கல் தரை இங்கே கண்ணாடியாகியிருக்கிறது.

2009இன் 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' பழைய பாலத்தையே வேறுவிதமாகத் திருப்பியது. வழக்கம்போலப் பௌசர் தீக்குழம்பில் விழுகிறான். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மந்திரவாதி கமெக் அவனை மலைபோல ஆக்கிவிடுகிறான். இனி ஓட்டம்தான். வழியை மறிக்கும் செங்கல் சுவர்களை நம்மால் உடைக்க முடியாது. அவன் துப்பும் தீப்பந்துதான் உடைக்கும். ஆகவே ஓடவும் வேண்டும், சுவர் முன் நின்று அவன் துப்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். அவசரப்பட்டு முன்னால் போய் முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்கிறவர்களே இதில் அதிகம்.

கடைசியாக 2017 அக்டோபரில் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிசி'. இந்த ஆட்டத்தின் புதுமை, தொப்பியை எறிந்து எதிரிகளின் உடலுக்குள் புகுவது. பௌசரோடு நடக்கும் சண்டையில் முதலில் அவன் எறியும் தொப்பிக்குள் புகுந்து, அதிலிருந்து வரும் கைகளால் அவனைக் குத்தவேண்டும். நிலவில் நடக்கும் இறுதிச் சண்டையிலும் அதே முறைதான், வேகம் மட்டும் கூடுதல். அவன் விழுகிறான். நிலவின் குகை இடியத் தொடங்குகிறது. இளவரசியும் அங்கே, வெளியே போக வழி இல்லை. அப்போது கையில் மிஞ்சியிருப்பது தொப்பி ஒன்றுதான்.

அதை மயங்கிக் கிடக்கும் பௌசரின் தலையில் எறியவேண்டும். அடுத்த கணம் கன்ட்ரோலரில் அசைவது அவனுடைய உடல். 32 வருடங்களாகத் தள்ளி நின்று தப்பித்த அந்த நகங்களால் இப்போது நீங்களே பாறைகளை உடைத்துக்கொண்டு, அந்தக் கனத்த கால்களோடு இடிந்து விழும் தரைமேல் ஓடுகிறீர்கள். அவன் உடல் மாரியோவைப்போலச் சட்டென்று திரும்பாது. தாவுவதற்கு முன்பே திசையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.