பின்னட்டைப் பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். முப்பது வருஷத் தொழில். பழைய ராக் இசையைப் பற்றிப் பேச ஒரு மெக்கானிக்கை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பிடித்ததைக் கேட்டு வளர்ந்தவன் இல்லை நான், ரிப்பேருக்கு வந்ததைக் கேட்டு வளர்ந்தவன். பிளேயரைச் சரிசெய்தால் எதையாவது ஓட்டிப் பார்த்தாக வேண்டும். சிலர் பிளேயரோடு ஓர் இசைத்தட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தட்டு தியாகராஜர் கீர்த்தனையாகவும் இருக்கும், லெட் செப்பலினாகவும் இருக்கும். எதுவானாலும் இரண்டு பக்கமும் கேட்டுவிடுவேன்.

ராக் இந்த ஊருக்குப் புதிதில்லை. பிரிகேட் ரோடு பக்கத்து மதுக்கடைகளில் டீப் பர்ப்பிளும் பிங்க் ஃப்ளாய்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. 2007இல் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வந்து வாசித்தபோது எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பெயர்களெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றுக்கு அடுத்த வரிசையில், பெயர் மறந்துபோன குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போன கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஒருநாள் பிளேயர் ஒன்று வந்தது. பெல்ட் தளர்ந்திருந்தது. பெல்ட் தளர்ந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும். லதா மங்கேஷ்கர் குரல்கூட ஆண் குரல்போல் கேட்கும். புது பெல்ட் போட்டேன். வேகம் சீராக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. தம்புரா ஒலிக்கிற தட்டாகப் பார்த்துப் போடுவேன். பாட்டில் சின்ன ஆட்டம் இருந்தால் காதுக்குத் தப்பிவிடும். தம்புராவில் தப்பாது. சுருதி நெளிவது உடனே தெரிந்துவிடும். அந்த வாடிக்கையாளர் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கொடுத்திருந்த தட்டில் தம்புராவும் இருந்தது, மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் இருந்தன, கூடவே ஒரு சாக்ஸபோனும் இருந்தது. உறையைத் திருப்பிப் படித்தேன். மியூனிக் நகரத்து நிறுவனம் 1983இல் வெளியிட்டது. தட்டின் பெயர் 'ஜோதி'. சாக்ஸபோன் சார்லி மரியானோ. அவரோடு வாசித்தவர்கள் 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்'.

அது எங்கள் ஊர்! இதே பெங்களூரில் 1960களில் தொடங்கிய தாள வாத்தியப் பள்ளி. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணியும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் நடத்தியது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்தப் பெயரை முதன்முதலில் ஒரு ஜெர்மன் அட்டையில்தான் படித்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

'ஜோதி' ராக் தட்டு இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிலிருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபோதுதான் ராக் வந்தது. மரியானோ அமெரிக்காவின் பாஸ்டன்காரர், ஜாஸ் வாசிப்பவர். 1970களில் 'எம்ப்ரியோ' என்கிற ஜெர்மன் ராக் குழுவோடு சேர்ந்து வாசித்தார். எம்ப்ரியோவும் மியூனிக்தான். கிறிஸ்டியன் புர்க்கார்ட் என்பவர் 1969இல் தொடங்கியது. இந்தக் கூட்டம் 1978இல் பஸ்ஸில் ஏறி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே வந்துவிட்டது. வழியெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். அந்தப் பயணத்திலிருந்து இரட்டைத் தட்டு ஒன்று வந்தது. பிறகு நம் மணி, ரமாமணி குழுவோடு சேர்ந்து 1980இல் 'லைஃப்' என்று இன்னொரு தட்டும் வந்தது. ரமாமணி பாட, ஜெர்மன்காரர்கள் கிட்டார் வாசிக்கிறார்கள். முதல் தடவை கேட்டால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று குழப்பமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை கஞ்சிராவை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், வழி தெரியும்.

மரியானோ பற்றி இன்னொன்று. 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், அங்கே நாயனம் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடவில்லை, கற்றுக்கொள்ளவும் உட்கார்ந்துவிட்டார். 1973இல் வந்த எம்ப்ரியோவின் 'வீ கீப் ஆன்' தட்டில் அவர் வாசித்த வாத்தியங்களில் ஒன்றாக நாகஸ்வரமும் அச்சாகியிருக்கிறது. நம் கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோனுக்குப் போனார். இவர் எதிர்த்திசையில் வந்திருக்கிறார். ஜெர்மன் ராக் தட்டில் நாயனம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். என் வழி இவ்வளவுதான். பிடித்த தட்டின் பின்னட்டையைப் படியுங்கள். முன்னால் இருக்கும் பாடகரை விடுங்கள், டிரம்ஸ் வாசித்தவர் யார், பேஸ் கிட்டார் யார் என்று பாருங்கள். அந்தப் பெயர் வேறு எங்கே வருகிறது என்று தேடுங்கள். பாடகர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள், டிரம்ஸ்காரர்கள் ஊர் சுற்றுவார்கள். இப்போது டிஸ்காக்ஸ் மாதிரி இசைத்தட்டுப் பட்டியல் தளங்களில் ஒரு பெயரைத் தொட்டால் அவர் வாசித்த தட்டெல்லாம் வரிசையாக வந்துவிடும். கைபேசிச் செயலிகளை நம்பி நான் இருப்பதில்லை. அவை அடுத்த பாட்டைத் தாமே போட்டுவிடுகின்றன. வாசித்தது யார் என்று கேட்டால் பதில் வராது.

அப்படி ஒரு டிரம்ஸ்காரர் பெயரைப் பிடித்தேன். ரமேஷ் ஷோத்தம். மெட்ராஸில் பிறந்தவர். 1970களில் தம் சகோதரர் சுரேஷோடு சேர்ந்து இந்த ஊரில் 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவை நடத்தியவர். இன்று ஜாஸ் பாடுகிற ராதா தாமஸ் அப்போது அந்தக் குழுவில் பாடியிருக்கிறார். பிறகு ஷோத்தம் டிரம்ஸை ஓரமாக வைத்துவிட்டு, நான் சொன்ன அதே தாள வாத்தியப் பள்ளிக்குப் போய்த் தவில் கற்றுக்கொண்டார். அப்புறம் ஜெர்மனிக்குக் குடிபோய்விட்டார். ஹ்யூமன் பாண்டேஜின் தட்டு ஒன்றுகூட இன்றுவரை என் கைக்கு வரவில்லை. காக்ஸ் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் அவர்களை நேரில் கேட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்றேன். "சத்தம்!" என்றார். சிரித்துவிட்டு, "நல்ல சத்தம்" என்றார். என்னிடம் இருக்கிற ஆவணம் அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இங்கே குழுக்கள் இருந்த அளவுக்குத் தட்டுகள் இல்லை. ஹோட்டலிலும் கல்லூரி விழாவிலும் வாசிப்பார்கள், யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். கொஞ்சமாவது மிஞ்சியதற்கு ஒரு சிகரெட் காரணம். சிம்லா என்ற பிராண்டுக்கு விளம்பரமாக ஒரு பீட் இசைப் போட்டி, அதாவது ராக் குழுக்களுக்கான போட்டி, நடத்தினார்கள். அதில் வாசித்த குழுக்களை வைத்து 1970க்கு ஒன்று, 1971க்கு ஒன்று என்று இரண்டு தட்டுகள் வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் எல்லாம் இன்று காதில் விழுவது அந்தத் தட்டுகளால்தான். சிகரெட்டுக்கு நான் நன்றி சொல்வது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும். நம் பெங்களூர்ப் பையன் பித்து இங்கே டிரோஜன்ஸ் என்ற குழுவில் வாசித்துவிட்டு லண்டன் போய், 1974இல் 'குங்ஃபூ ஃபைட்டிங்' என்ற பாட்டைத் தயாரித்து உலகத்தையே ஆட வைத்தார். அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். டிரோஜன்ஸ் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளியூரிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டில் 'விட்ச்' என்று ஒரு குழு. பாடகர் ஜகாரி, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் பெயரிலிருந்து வந்த பெயர். செப்பு விலை விழுந்து, அதை நம்பியிருந்த நாடே திண்டாடியபோது இசையும் படுத்துவிட்டது, அவர் ரத்தினக் கல் தோண்டப் போய்விட்டார். அமெரிக்காவின் டெட்ராய்டில் மூன்று சகோதரர்கள் 'டெத்', அதாவது சாவு, என்று குழுவுக்குப் பெயர் வைத்து 1975இல் ஏழு பாட்டுப் பதிவு செய்தார்கள். பெயரை மாற்றினால் வெளியிடலாம் என்றது நிறுவனம். மாட்டேன் என்றார் மூத்தவர். சொந்தச் செலவில் 500 சின்னத் தட்டு போட்டார்கள். மற்றதெல்லாம் பரணுக்குப் போனது. பல வருஷம் கழித்து அவர்களில் ஒருவரின் மகன் ஒரு விருந்தில் ஓடிய பாட்டைக் கேட்டு, இது அப்பா குரலாயிற்றே என்று திகைத்திருக்கிறார். அப்பா அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2009இல்தான் அந்த ஏழு பாட்டும் முழுசாக வெளியாயின. பெயர் வைத்த மூத்தவர் அப்போது உயிரோடு இல்லை.

சரி, தட்டு வாங்குகிறவர்களுக்குத் தொழில்காரனாகச் சிலது சொல்கிறேன். சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் இங்கிலீஷ் தட்டுகளை அடுக்குக்கு அடியில்தான் போட்டிருப்பார்கள். "அதை யாரும் எடுக்க மாட்டாங்க சார், எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கோங்க" என்பார்கள். எடுக்காதீர்கள், ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வரிகள் கறுப்பாக மினுங்கினால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால் கனமான ஊசி ஏறித் தேய்த்திருக்கிறது, கழுவினாலும் தேறாது. நடு ஓட்டையைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி கோடுகள் இருந்தால், தினமும் போட்டுத் தேய்த்த வீட்டிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரிகிற கீறலைவிட நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். மேலோட்டமான கீறல் 'டிக் டிக்' என்கும், அவ்வளவுதான். கழுவும்போது குளிர்ந்த தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, நடுக்காகிதம் நனையக் கூடாது. படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம்போல் நிற்கவையுங்கள்.

வெயிலில் காயவைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் எட்டுத் தட்டைக் கழுவி மொட்டை மாடியில் பரப்பிவிட்டு வந்தேன். மத்தியானம் மேலே போன என் மனைவி அங்கிருந்தே கத்தினாள். "ஏங்க, கறுப்பு வடாம் போட்டிருக்கீங்களே, நல்லாப் பொரிஞ்சிருக்கு!" எட்டும் அப்பளமாக நெளிந்திருந்தன. ஒன்றிரண்டைக் கண்ணாடிக்கு நடுவே வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். வட்டம் சரியானது, பாட்டு சரியாகவில்லை.

போன மாதம், ஜெர்மனியில் இருக்கிற என் அக்கா மகன் 'வீ கீப் ஆன்' தட்டை வாங்கி வந்து கொடுத்தான். கடையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் பகுதிக் கல்யாணங்களில் நாயனம் வாசிக்கிற பெரியவர் மைக் பெட்டி ரிப்பேருக்கு வந்தார். கிட்டார், டிரம்ஸ் எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. நாயனம் எழும்பியதும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரு தம்பி இது?"

"அமெரிக்காக்காரர், அய்யா. சாக்ஸபோன் வாசிக்கிறவர்."

கொஞ்ச நேரம் கேட்டார். "காத்து இருக்கு. கமகம் வரலை. சீவாளியும் இன்னும் கொஞ்சம் பதமா இருந்திருக்கணும்." மறுபடி கேட்டார். "ஆனா ஏனோதானோன்னு ஊதலை. யார்கிட்டயோ உக்காந்து பாடம் கேட்டிருக்கார். வாத்தியார் பேரு போட்டிருக்கா பாருங்க."

உறையைத் திருப்பினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தேன். ஒலிப்பதிவு செய்தவர் வரைக்கும் எல்லாப் பெயரும் இருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் பெரியவர். ஊசியைத் தூக்கி முதலில் வைத்தேன்.