ஒருத்திக்கு மட்டும் ஒரு சட்டிக் குழம்பு

அவையோருக்கு வணக்கம்.

உணவும் உறவும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் நான் மட்டும் சாப்பிடும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் நாகப்பட்டினம் கடற்கரைக்காரி. மணமாகி ஈரோட்டுக்கு வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் மீன் சாப்பிடுவார். கருவாடு என்றால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மகனும் மகளும் அவரைப் பார்த்தே வளர்ந்தார்கள். நான் சட்டியை அடுப்பில் ஏற்றினால் மகள் ஓடிப்போய் ஊதுவத்தி கொளுத்துவாள். வாசலில் மணி அடித்தால் அடுப்படிக் கதவைச் சாத்துவாள்.

நாக்குக்குப் பிடிக்காததை யாரும் யாருக்கும் ஊட்ட முடியாது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்தும் ஓசை மட்டும் இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குப் பழகவில்லை.

அம்மா வைக்கும் குழம்பைச் சொல்கிறேன். கருவாட்டை முதலில் வெந்நீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரில் இரண்டு முறை அலசுவார். உப்பும் மணலும் போக வேண்டும், ருசி போகக் கூடாது. அலசுவதில்தான் கைப்பக்குவமே இருக்கிறது. மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, பிறகு கத்திரிக்காயும் மொச்சையும். மாங்காய்க் காலமென்றால் இரண்டு கீற்று மாங்காய். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் கருவாட்டைப் போடுவார். அன்றைக்குச் சாப்பிட்டால் பாதி ருசிதான். மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிட வேண்டும்.

'புளியை ஊற்று, கவிச்சி அடங்கும்' என்பார் அம்மா. அதன் காரணத்தைப் பிற்பாடுதான் படித்தேன். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. மீன் இறந்த பிறகு நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றுகின்றன. நம் மூக்கில் ஏறுவது அதுதான். புளியின் அமிலம் அதைப் பிணைத்துக்கொள்வதால் காற்றில் கலப்பது குறைகிறது. பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவின் கைக்கு இது தெரிந்திருந்தது.

கருவாடு எங்களுக்கு வெறும் ருசி அல்ல, சேமிப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான தடைக்காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தாலும் படகு கரையில்தான். அப்போதெல்லாம் உலையேற்றிய வீடுகளில் பானைக்குள் இருந்த கருவாடுதான் குழம்பானது. மீன் மிகுந்து விலை விழுந்த நாளில் பெண்கள் அதைக் கீறி, குடலெடுத்து, உப்பிட்டு, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தது அந்த நாளுக்காகத்தான். காக்கை விரட்டும் வேலை பிள்ளைகளுக்கு. நானும் விரட்டியிருக்கிறேன்.

நற்றிணையின் 45ஆம் பாட்டிலும் ஒரு பெண் அந்த வேலையைத்தான் செய்கிறாள். சுறாவை அறுத்துக் காயவைத்து, பறவை ஓட்டிக்கொண்டு நிற்கிறாள். தேரோடும் ஊரிலிருந்து ஒரு செல்வன் அவளைத் தேடி வருகிறான். தோழி அவனிடம் சொல்கிறாள்: 'புலவு நாறுதும்.' எங்கள் மேல் மீன் வீச்சம் அடிக்கிறது, எட்டி நில் என்கிறாள். அந்தச் சொல்லில் கூச்சம் ஒரு துளியும் இல்லை. எங்கள் வாழ்வு சிறியது, ஆனால் நல்லது, எங்களவரிலும் தலைவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். இதைப் படித்த நாளில் நான் அழுதேன்.

'கருவாடு சமைப்பவர்களுக்கு வீடு கிடையாது' என்று முகத்துக்கு நேரே சொன்ன வீட்டுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுத்தது வாசனையை அல்ல, மனிதர்களை. என் கணவர் எழுந்து போவதையும் அதையும் நான் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் ஊதுவத்தி எங்கிருந்து வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒருநாள் மகளை உட்காரவைத்து இந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் குழம்பு கொதிக்கும்போது வாசலில் மணி அடித்தது. மகளோடு வேலை பார்க்கும் பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். நான் பழக்கத்தில் அடுப்படிக் கதவுக்குக் கை நீட்டினேன். 'உள்ளே வாருங்கள், அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறார்கள்' என்று மகளின் குரல் கேட்டது. வந்தவர்களில் ஒருத்தி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மகள் அன்றும் சாப்பிடவில்லை. கதவு திறந்தே இருந்தது.