ரீமேப் செய்யும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், மேலே கூடாரம் என்று ஒரு பிக்கப் டிரக் உங்களைக் கடந்து போனால், அநேகமாக அது இசுஸு வி-கிராஸாக இருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் 2016 முதல் தயாராகும் வண்டி. முதலில் வந்தது 2.5 லிட்டர் டீசல் இன்ஜின்; 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). இத்தனை சாமானையும் மாட்டிய பிறகு "வண்டி முன்ன மாதிரி இழுக்கலைண்ணே" என்று வருவார்கள். கையோடு கேட்பது ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள கணக்கை மாற்றி எழுதுவது.

இழுவை எங்கே போயிற்று என்று முதலில் பார்ப்போம். வண்டியோடு வந்த 245/70 ஆர் 16 டயரின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 265/75 போட்டால் 80 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஏழு சதவீதம் கூடுதல். எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிட்டது, அதாவது ஒவ்வொரு கியரிலும் இழுவை குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பீடோமீட்டர் காட்டுவதும் அந்த அளவுக்குக் குறையும். பம்பர், வின்ச், கூடாரத்தின் எடை வேறு. ஒரு கியர் இறக்கி ஓட்டினாலே பாதிக் குறை தீரும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

சரி, ரீமேப்தான் வேண்டும் என்றால் அதில் என்ன நடக்கிறது? ஆக்சிலரேட்டரை மிதித்தால் டீசல் நேராக இன்ஜினுக்குப் போய்விடாது. ஈசியூ என்கிற அந்தக் கணினி நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. உள்ளே வரும் காற்று எவ்வளவு, அதற்கு எவ்வளவு டீசல் விட்டால் புகை வராது, கியர்பாக்ஸ் எவ்வளவு டார்க் தாங்கும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை உண்டு. நல்ல ட்யூனர் (ரீமேப் செய்பவர்) இவற்றை ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி நகர்த்துவார். இந்த அட்டவணைகளின் தொகுப்புதான் ஃபைல்; மட்டமான ஃபைலில் டீசல் மட்டும் கூடியிருக்கும். ஒரு கிராம் டீசல் எரிய சுமார் 14.5 கிராம் காற்று வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 18க்குக் கீழே போனாலே பின்னால் கரும்புகை தெரிய ஆரம்பிக்கும். அந்தப் புகையைக் கெத்து என்று நினைக்கிற தம்பிகள் இருக்கிறார்கள். சரியாக எரியாமல் வெளியே போவது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

புகையைவிட எனக்குப் பயம் வெப்பம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. உள்ளே எரியும் வாயு அதைவிடச் சூடாக இருந்தும் பிஸ்டன் பிழைப்பது, அந்தச் சூடு ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே படுவதாலும் ஆயில் குளிர்விப்பதாலும்தான். டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்ப சென்சார் வைத்து, புகைவாயு 700 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் நான் டீசலைக் குறைத்துவிடுவேன். வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டி சக்தியை அளக்கும் டைனோவில் இது தெரியாது. அங்கே ஒரு ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடி. சூடு ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஆளும் சாமானும் ஏற்றி, லேப்டாப்பை ஓபிடி என்கிற சோதனை சாக்கெட்டில் மாட்டிக்கொண்டு அதில் ஏறிப் பாருங்கள், வண்டி உண்மையைச் சொல்லும்.

இதெல்லாம் வண்டி ஆரோக்கியமாக இருந்தால்தான். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் மாட்டுகிற இடத்தில், கிளிப்புக்கு அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஆயில் ஈரத்தில் தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். ஓட்டும்போது பதிவாகும் அளவுகளின் பட்டியல்தான் லாக்; அதில் ஈசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஒரு வரிசை, டர்போ கொடுத்த பூஸ்ட் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடைவெளி விழுந்தால் ஃபைலைத் தொடவே கூடாது. ஏர் ஃபில்டரை மாற்றி அகலமான குழாய் போட்டவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். காற்றளவு சென்சார் அதே காற்றைக் குறைவாகக் காட்டும்; ஈசியூவின் மொத்தக் கணக்கும் பிசகும். ஏற்கெனவே வழுக்கும் கிளட்ச், கூடுதல் டார்க் வந்ததும் கைவிரித்துவிடும்.

கடைகளில் விற்கும் டியூனிங் பாக்ஸில் பல வகை, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு முன்னால் உள்ள ரயில் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்லி அதைக் கூட்ட வைப்பவை. இன்ஜெக்டருக்கு என்ன அழுத்தம் போகிறது என்று அப்புறம் ஈசியூவுக்கே தெரியாது. எனக்கு அதில் விருப்பமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஃபைல் எழுதித் தரச் சொன்னால் நான் முடியாது என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் மதிப்பிட்டது.

ட்யூனரிடம் "எத்தனை குதிரை கூடும்?" என்று கேட்பதைவிட, "என் வண்டியில் லாக் எடுப்பீர்களா, ஒரிஜினல் ஃபைலைக் கையில் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரிஜினலை ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஈசியூ மென்பொருளைப் புதுப்பித்தால் ரீமேப் அழிந்துபோகும். அப்போது பழைய ரீமேப் ஃபைலை அப்படியே திரும்ப ஏற்றச் சொல்லாதீர்கள். புதிய பதிப்பில் அட்டவணைகள் இடம் மாறியிருக்கலாம்.